பின்சக்கரம் இறுகினால் எதை மாற்றுவது: கேபிளா, காலிப்பரா, ஹோஸா?

வேனை லேசான இறக்கத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கினேன். வழக்கமாக அந்த இடத்தில் தானாகவே உருள ஆரம்பிக்கிற வண்டி அன்றைக்கு அசையவே இல்லை. இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனேன். மூன்று சக்கரம் வெதுவெதுப்பு. வலது பின்சக்கரம் மட்டும் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி. கருகின வாடை வேறு.

அதற்கப்புறம் நான் செய்த எல்லாமே தப்பு வரிசையில்தான். முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளை மாற்றினேன், ஏனென்றால் கேட்ட எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் மறுபடி அதே சூடு. அடுத்து ஒர்க்‌ஷாப்பில் சொன்னபடி காலிப்பரை, அதாவது டிஸ்கைப் பேட்களால் கவ்விப் பிடிக்கிற பாகத்தை, மாற்றினேன். ஒரு வாரம். மறுபடி சூடு. கடைசியில் குற்றவாளியாக மாட்டியது யாருமே கைவைக்காத ஒரு ரப்பர் குழாய், அதைக் கீழே சொல்கிறேன். பழைய கேபிளும் பழைய காலிப்பரும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, இரண்டிலும் ஒரு குறையும் இல்லை.

அதனால் இந்த ஒப்பீடு. பின்சக்கரம் இறுகினால் நம் முன்னால் இருக்கிற வழிகள் நாலுதான்: கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து அப்படியே மாட்டுவது, சீல் கிட் (கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையங்களின் செட்) வாங்கி உள்ளே மட்டும் புதுப்பிப்பது, குற்றமுள்ள பாகத்தை முழுசாக மாற்றுவது, இரண்டு பக்கமும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவது. எது சரி என்பது எந்தப் பாகம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது தெரியாமல் இந்த நாலில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். எனவே கொஞ்சம் பொறுமையாக, முதலில் அதைக் கண்டுபிடிக்கிற வழி.

எப்போது இறுகுகிறது?

ஜாக்கியை எடுக்கும் முன்பே பாதி பதில் இங்கே இருக்கிறது. காலையில் எடுக்கும்போதே இறுக்கமாக இருந்து, கொஞ்சம் தள்ளியதும் 'டப்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிட்டால், இரவு ஹேண்ட்பிரேக் போட்டு ஈரத்தில் நின்ற வண்டி அது. டிரம் பிரேக்கில், ஷூவின் மேல் இருக்கிற உரசு பட்டையான லைனிங்கும் அதைச் சுற்றிச் சுழல்கிற இரும்பு டிரம்மும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விட்டபிறகு அன்றைக்கு முழுக்கச் சூடேறாமல் ஓடினால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சமதளத்தில் நிறுத்தும்போது கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக் போடாமல் இரண்டு இரவு விட்டுப் பாருங்கள், போதும்.

கிளம்பும்போது சுதந்திரமாக ஓடி, நெரிசலில் பத்துப் பதினைந்து முறை பிரேக் மிதித்தபிறகு இறுகி, நிறுத்தி அரைமணி நேரம் கழித்துத் தானாகவே விட்டுவிட்டால், அது வேறு கதை. அங்கே அழுத்தம் உள்ளே சிக்கிக்கொள்கிறது. ஹோஸ் (பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய்), மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் அந்த ஆயிலை அழுத்துகிற பாகம்), இந்தப் பக்கம் பார்க்க வேண்டும். கேபிளுக்கு இந்தப் பழக்கம் பொதுவாகக் கிடையாது, கேபிள் இறுகினால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு எடுத்த நிமிஷத்திலிருந்தே இறுகித்தான் இருக்கும். என் வண்டி முதல் நாளிலிருந்தே இந்த இரண்டாவது கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சுற்றில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உரசி, மற்ற இடமெல்லாம் லேசாகச் சுற்றினால், டிரம் வட்டம் கெட்டிருக்கிறது, அல்லது டிஸ்க் நெளிந்திருக்கிறது. சுற்று முழுக்க ஒரே மாதிரி கனமாக இருந்தால் யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாலே உணரலாம், கருவி எதுவும் வேண்டாம்.

சூடு எங்கே என்பதையும் கவனியுங்கள். டிஸ்க் அல்லது டிரம் கொதித்து நடுவில் ஹப் ஓரளவு சூடாக இருந்தால் பிரேக். நடு ஹப் அதிகச் சூடு, வெளி விளிம்பு குறைவு என்றால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். ஆனால் வண்டி நின்று பத்து நிமிஷம் ஆகிவிட்டால் சூடு பரவிவிடும், அப்புறம் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. கையால் தொடாதீர்கள், அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இடது வலது இரண்டையும் ஒரே இடத்தில் குறிவைத்து அளந்து எழுதிவையுங்கள். எவ்வளவு சூடு என்பதைவிட இரண்டு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் இங்கே முக்கியம்.

ஜாக்கி போட்டபிறகு

சமதளம், முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டு, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கட்டாயம். ஹேண்ட்பிரேக்கை இறக்கி நியூட்ரலில் வைத்துச் சோதிக்கப்போகிறோம் என்பதால் வண்டியைப் பிடித்து நிறுத்த முட்டைத் தவிர வேறெதுவும் இல்லை, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே இரண்டு ஏமாற்று இருக்கிறது. முதலாவது, வண்டியின் உடலைத் தூக்கினால் பின் ஆக்சில் கீழே தொங்கும். அப்படித் தொங்கும்போது சில வேன்களில் ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபட்டு இறுகிவிடும். தரையில் நின்றபோது இல்லாத இறுக்கம் ஸ்டாண்டில் புதிதாக முளைக்கும், நீங்கள் கேபிளை மாற்றப் போய்விடுவீர்கள். ஆக்சிலுக்கு அடியில் தாங்கல் கொடுத்து, வண்டி ஓடும்போது இருக்கிற உயரத்துக்குக் கொண்டுவந்து சுற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, பின்சக்கர இயக்க வேன். இதில் சக்கரத்தைச் சுற்றினால் அதோடு டிஃபரன்ஷியலும் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி) சுற்றும், இரண்டு சக்கரமும் தூக்கியிருந்தால் ஒன்றைச் சுற்றும்போது மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். கியர் ஆயில் ஆறியிருக்கும்போது இழுவை கொஞ்சம் அதிகம். முன்சக்கர இயக்க வண்டியில் பின்சக்கரம் சுழல்வதை மனதில் வைத்துக்கொண்டு இதைச் சுற்றினால் நல்ல வண்டியும் நோயாளியாகத்தான் தெரியும். அந்த இழுவை வழுவழுப்பாக இருக்கும், பிரேக் இழுவை சொரசொரப்பாக இருக்கும். பேட் லேசாக டிஸ்கில் உரசுகிற 'ஸ்ஸ்' சத்தம் மட்டும் கேட்டால் அது நோயில்லை. கையால் ஒரு வீச்சு வீசினால் ஒன்றிரண்டு சுற்றாவது ஓட வேண்டும், அதுதான் என் கணக்கு. சந்தேகம் இருந்தால் மறுபக்கச் சக்கரத்தோடு ஒப்பிடுங்கள்.

சரி, சக்கரம் நிஜமாகவே இறுக்கம். இப்போது ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறோம். கடைசிச் சோதனை வரை எதையும் கழற்றுவதில்லை, தளர்த்துவது மட்டும்.

முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளின் சரிசெய்யும் நட்டை நன்றாகத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் பிரச்சினை கேபிள் பக்கம். ஆனால் 'கேபிள் பக்கம்' என்றால் கேபிளே என்று அர்த்தமில்லை. கேபிளின் முனை போய் மாட்டுகிற லீவரைக் கையால் அல்லது ஸ்க்ரூடிரைவரால் இழுத்து விட்டுப் பாருங்கள். வெடுக்கென்று திரும்பிப்போய்த் தன் நிறுத்தத்தில் முட்டினால் லீவர் நல்லது, கேபிள்தான் உறைக்குள் துருப்பிடித்திருக்கிறது. லீவர் சோம்பேறித்தனமாகப் பாதியில் நின்றால் கேபிள் நிரபராதி. ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்த காலிப்பர்களில் இந்த லீவரின் தண்டு உள்ளே போகிற இடத்தில் ரப்பர் கிழிந்து, தண்ணீர் போய், துருப்பிடிப்பது சர்வசாதாரணம்.

கேபிளைத் தளர்த்தியும் விடவில்லையா? அடுத்தது பிளீடர் நிப்பிள், பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றத் திறக்கிற சின்னத் திருகு. முதல் நாளே துரு கழற்றும் எண்ணெய் அடித்து ஊறவையுங்கள், வாய் திறந்த ஸ்பேனரை வைத்துத் திருகி நிப்பிளை உருட்டிவிடாதீர்கள், ஆறுமுனை சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ போடுங்கள். இறுகியிருக்கிற நேரத்தில், அதாவது ஓட்டிவிட்டு வந்த கையோடு, ஒரு குழாயைச் செருகிக் கால் திருப்பு திறந்தால் பிரேக் ஆயில் பீச்சியடித்து, சக்கரம் உடனே விடுகிறதா? அப்படியானால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது. பீச்சு நின்றதும் மூடிவிடுங்கள், காற்று உள்ளே போகக்கூடாது. பெயிண்ட்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

நிப்பிளைத் திறந்தும் ஒரு சொட்டு வந்ததோடு சரி, சக்கரம் அப்படியே இறுக்கமாக இருக்கிறது என்றால் அழுத்தம் காரணமில்லை, இரும்பு ஏதோ சிக்கியிருக்கிறது: பிஸ்டன் (பேட்டைத் தள்ளுகிற உருளை), வழுக்கு ஊசி (காலிப்பர் நகர்கிற தண்டு), ஷூ, அறுந்த ஸ்பிரிங். கடைசியாக, காலிப்பரை அல்லது டிரம்மை அப்படியே எடுத்துவிட்டு வெறும் ஹப்பைச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால் பிரேக்கை விட்டுவிட்டு பேரிங்குக்குப் போகலாம்.

இந்த மூன்று சோதனையும் சேர்ந்து ஒருமணி நேர வேலை. இதைச் செய்யாமல் நான் வாங்கிய பாகங்களைப் பற்றித்தான் ஆரம்பத்திலேயே சொன்னேனே.

கேபிள்: எண்ணெய் விடுவதா, மாற்றுவதா

கேபிள்தான் குற்றவாளி என்று உறுதியானால் இதில் பெரிய விவாதமே இல்லை, மாற்றுங்கள். உறையைத் தூக்கிப்பிடித்து எண்ணெய் விட்டால் விடும், எனக்கும் விட்டிருக்கிறது. சில வாரத்தில் அந்த எண்ணெயே தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்னைவிட மோசமாக இறுகும். வண்டி நாளைக்கு அவசியம் ஓடியாக வேண்டும், புதுக் கேபிள் வர நாலு நாள் ஆகும் என்ற நிலைமைக்கு மட்டும் எண்ணெய் சரி.

ஆனால் கேபிளை இறுக்கி வைத்ததால் வருகிற இறுக்கம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிரம் வண்டிகளில் நான் பார்த்த பாதித் தொல்லை இதுதான். லைனிங் தேயத் தேய ஹேண்ட்பிரேக் கம்பி, அதாவது நாம் கையால் இழுக்கிற பிடி, உயரமாக வரும். உடனே கேபிளின் நட்டை நாலு திருப்பு இறுக்கிவிடுவார்கள், கம்பி பழைய இடத்துக்கு வந்துவிடும், எல்லாருக்கும் சந்தோஷம். உள்ளே என்ன ஆயிற்று? ஷூவில் இருக்கிற லீவர் தன் நிறுத்தத்துக்குத் திரும்ப முடியாமல் எப்போதும் கொஞ்சம் இழுபட்ட நிலையில் நிற்கிறது. டிரம்மில் இருக்கிற தானியங்கிச் சரிசெய்யும் அமைப்பு வேலை செய்ய அந்த லீவர் முழுசாகத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாததால் அது தேய்மானத்தை ஈடுகட்டுவதை நிறுத்திவிடுகிறது, பெடல் இறங்குகிறது, கம்பி மறுபடி உயர்கிறது, மறுபடி நட்டை இறுக்குகிறார்கள். ஒருநாள் ஷூ நிரந்தரமாக உரச ஆரம்பிக்கிறது. இதற்குப் புதுக் கேபிளும் வேண்டாம், புது ஷூவும் ஒருவேளை வேண்டாம். கேபிளை முழுக்கத் தளர்த்தி, ஷூவை டிரம்முக்கு ஏற்றபடி முதலில் சரிசெய்து, பிரேக்கைப் பலமுறை மிதித்து நடுவில் உட்காரவைத்து, கடைசியில்தான் கேபிளின் தளர்வை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து.

டிரம் பிரேக்: சுத்தம் போதுமா

டிரம்மைக் கழற்றுவதே சிலசமயம் பெரிய வேலை. உள் விளிம்பில் துரு மேடு கட்டி ஷூவைத் தாண்டி வராது. சுத்தியலால் விளாசுவதற்கு முன்னால், பின்தகட்டிலோ டிரம் முகத்திலோ இருக்கிற துளை வழியாகச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பி ஷூவைச் சுருக்குங்கள். டிரம்மின் முகத்தில் மரையுள்ள இரண்டு துளை இருந்தால் அதில் போல்ட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

உள்ளே ஷூ உட்கார்ந்து நகர்கிற இடங்களில் பின்தகட்டில் பள்ளம் விழுந்து, ஷூ அதில் மாட்டிக்கொள்வதுண்டு. ஸ்பிரிங் இழுத்தாலும் திரும்ப வராது. அந்த இடங்களைத் தேய்த்துச் சமப்படுத்தி, அதிகச் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் சரியாகிவிடும். அதாவது இங்கே சுத்தம் செய்கிற வழியே ஜெயிக்கிறது. ஸ்பிரிங் செட்டை மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள், பல வருடச் சூட்டில் தளர்ந்த ஸ்பிரிங்கை மறுபடி மாட்டுவதில் என்ன மிச்சம்? நட்சத்திரச் சரிசெய்யும் திருகுகளை இடம் வலம் மாற்றிப் போடாதீர்கள், பல வண்டிகளில் ஒன்று வலது மரை, இன்னொன்று இடது மரை.

டிரம்முக்குள் ஷூவை விரிக்கிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஓரத்தில் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தாலோ, பிஸ்டன் ஒரு பக்கம் நகரவே இல்லை என்றாலோ சிலிண்டரையே மாற்றுங்கள். சீல் கிட் கிடைக்கும், ஆனால் உள்சுவரில் துருப்புள்ளி விழுந்த சிலிண்டரில் புது சீல் போட்டால் அது எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிரேக்கில் மிக மலிவான பாகங்களில் ஒன்று இது, இதில் கிட் போட்டு உழைப்பை வீணாக்குவதை நான் எப்போதுமே புரிந்துகொண்டதில்லை.

லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிரேக் ஆயில் என்றால் சிலிண்டர். கியர் ஆயில் வாடை அடித்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது, அதை மாற்றாமல் புது ஷூ போட்டால் அடுத்த மாதம் அதுவும் நனைந்துவிடும்.

டிஸ்க் பிரேக்: ஊசியா, பிஸ்டனா

காலிப்பரைக் கழற்றும்போது பேட் தேய்ந்திருக்கிற விதம்தான் முதல் சாட்சி. வெளிப் பேட் அதிகமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய ஊசிகள் இறுகியிருக்கலாம். உள்பேட் அதிகம் என்றால் பிஸ்டன் திரும்பவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் ஒற்றை ஊசியையோ, பேட் தன் தாங்கியில் துருவால் சிக்கிக்கொண்டதையோ சந்தேகப்படலாம். இதெல்லாம் துப்புதான், தீர்ப்பில்லை. ஊசியைக் கையால் இழுத்துப் பார்த்தபிறகுதான் தீர்ப்பு.

ஊசிதான் என்றால் சுத்தம் செய்வது நூற்றுக்கு நூறு சரியான வழி. வெளியே எடுத்து, துருவைத் துடைத்து, துளையையும் துடைத்து, புது ரப்பர் உறை போட்டு, ரப்பருக்கு ஒத்துப்போகும் பிரேக் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். இங்கேதான் பலரும் கையில் கிடைத்த சாதாரண பேரிங் கிரீஸை அப்பிவிடுகிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும், ஊதின ரப்பர் ஊசியை இறுக்கிப் பிடிக்கும். "சர்வீஸ் பண்ணி மூணு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள மறுபடி பிடிக்குது" என்று சொல்கிறவர்களின் வண்டியில் இந்த ஊதின உறையை நான் பார்த்திருக்கிறேன், விரலால் அமுக்கினால் கொழகொழவென்று இருக்கும்.

அதே காரணத்தால்தான், நாம் எல்லாரும் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது ஆயில் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை திரவம். தெரியாமல் யாராவது இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ தொட்டியில் ஊற்றிவிட்டால் எல்லா ரப்பரும் ஊதி நாலு சக்கரமும் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும். அப்போது மட்டும்தான் எல்லாவற்றையும் மாற்றுகிற நாலாவது வழிக்கு வேறு வழியே இல்லை.

பிஸ்டன் இறுகியிருந்தால் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஹேண்ட்பிரேக் சேராத சாதாரண காலிப்பர் என்றால், பிஸ்டனை வெளியே எடுத்து அதன் பளபளப்பான மேற்பரப்பைப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்து, உறைக்கு அடியில் மட்டும் கொஞ்சம் அழுக்கு என்றால் சீல் கிட் அருமையான வழி. நகத்தை ஓட்டும்போது துருப்புள்ளி தட்டுப்பட்டால் கிட் வேண்டாம், அந்தப் புள்ளியில் போய் சீல் உட்காரும் நாளில் கசியும். ஹேண்ட்பிரேக் உள்ளேயே சேர்ந்த காலிப்பர் என்றால் என் பதில் நேரடியானது: காலிப்பரை மாற்றுங்கள். உள்ளே திருகும் ஸ்பிரிங்கும் தானியங்கிச் சரிசெய்யும் அமைப்பும் இருக்கிறது, வீட்டில் பிரித்துக் கோப்பது சாமானிய வேலையில்லை. பேட் மாற்றும்போதும் இந்த வகைப் பிஸ்டன்களில் பெரும்பாலானவற்றைத் திருகியபடிதான் உள்ளே தள்ள வேண்டும், கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள் அமைப்பு உடையும். மின்சார ஹேண்ட்பிரேக் வண்டியில் அதைச் சர்வீஸ் நிலைக்கு (மோட்டார் பின்வாங்கி பிஸ்டனை விட்டிருக்கிற நிலை) கொண்டுபோகாமல் கைவைக்கவே கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. டிஸ்கின் நடுத் தொப்பிக்குள்ளேயே சின்ன ஷூக்கள் வைத்து ஹேண்ட்பிரேக்கைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள், பெரிய வேன்கள் பலவற்றில் இப்படித்தான். காலிப்பரை எடுத்தபிறகும் டிஸ்க் சுற்றவில்லை என்றால் உடனே பேரிங் என்று முடிவுகட்டாமல், இந்த ஷூக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஹோஸ், யாரும் பார்க்காத ஆள்

நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விட்டது என்றால் இங்கே வர வேண்டும். காலிப்பருக்கு வருகிற ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே சுவர் ஊதியோ பிய்ந்தோ வழியை அடைத்திருக்கும். காலால் மிதிக்கிற அழுத்தம் அதையும் தள்ளிக்கொண்டு போய்விடும், ஆனால் திரும்பி வர வேண்டிய திரவத்தைத் தள்ள பிஸ்டன் சீலின் சின்ன மீட்சி மட்டும்தானே இருக்கிறது, அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அரைமணி நேரத்தில் தானாக விடுவதன் ரகசியம் அதுதான்.

என் வண்டியில் ஹோஸ் தானாக ஊதவோ பிய்யவோ இல்லை. அதைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற இரும்புப் பட்டையின் உள்பக்கத்தில் துரு அடுக்கடுக்காக வளர்ந்து, ரப்பரைச் சுற்றிலும் நெரித்திருந்தது. வெளியே பார்த்தால் கொஞ்சம் சிவந்த பட்டை, அவ்வளவுதான். ஹோஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்க்கலாம் என்று யோசித்தேன், நல்லவேளை செய்யவில்லை, அந்தத் திரவம் விஷம். பட்டையை விரித்துப் பார்த்தபோது ரப்பரில் இடுப்புப் பட்டை இறுக்கின மாதிரி ஒரு வளையப் பள்ளம்.

ஹோஸா மேலே மாஸ்டர் சிலிண்டரா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. இறுகியிருக்கும்போது ஹோஸுக்கு முன்னால் இரும்புக் குழாய் சேருகிற இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே அழுத்தம் வெளியேறி சக்கரம் விட்டால் தடை அதற்கும் மேலே. அங்கே தளர்த்தியும் விடாமல், நிப்பிளில் திறந்தால் மட்டும் விட்டால் ஹோஸ்தான். எத்தனை சக்கரம் இறுகுகிறது என்பதும் உதவும்: பல வேன்களில் பின் ஆக்சிலுக்கு ஒரே ஹோஸ் வந்து, அங்கிருந்து இரண்டாகப் பிரியும். அந்த ஹோஸ் அடைத்தால் இரண்டு பின்சக்கரமும் இறுக வேண்டும். ஒன்று மட்டும் இறுகினால் அந்த ஹோஸைக் குற்றம் சொல்ல முடியாது.

ஹோஸுக்குப் பழுதுபார்ப்பு என்று ஒன்று கிடையாது, புதிது போட வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். ஒரே வயசு, ஒரே வெயில், ஒரே சேறு பார்த்தவை. பட்டை நெரித்திருந்தால் பட்டையைத் தட்டி விரித்து ஓட்டுகிறவர்களும் உண்டு, நெரிபட்ட ரப்பரை நான் நம்பமாட்டேன்.

பேரிங்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பேரிங் போனால் பெரும்பாலும் முதலில் சத்தம் போடும், அப்புறம்தான் இறுகும். வேகத்தோடு கூடுகிற உறுமல், வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது மாறுகிற உறுமல். சத்தமே இல்லாமல் இறுகினால், அண்மையில் யாராவது ஹப் நட்டை இறுக்கினார்களா என்று கேளுங்கள். கூம்பு உருளை பேரிங் உள்ள வண்டிகளில் நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் கிரீஸ் வெந்துபோகும். புதிதாகச் சரிசெய்தால் போதும், ஆனால் உருளைகள் நீலம் பூத்திருந்தால் மாற்றுங்கள். இங்கே ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில் தவறே இல்லை.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா, வீட்டிலா, ஒர்க்‌ஷாப்பிலா

ஷூ, பேட், டிஸ்க், டிரம், ஹோஸ் எப்போதும் ஜோடி. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் மிதிக்கும்போது பின்பக்கம் ஒருபுறம் இழுக்கும், காலி வேனில் ஈரச் சாலையில் இது விளையாட்டில்லை. டிரம்மில் அதிகபட்ச விட்டமும், டிஸ்கின் ஓரத்தில் குறைந்தபட்சக் கனமும் பொறித்திருப்பார்கள், அளந்துபார்த்துவிட்டு முடிவெடுங்கள். காலிப்பரும் வீல் சிலிண்டரும் ஒற்றையாக மாற்றலாம் என்பது என் கருத்து, மறுபக்கத்தைக் கழற்றிப் பார்த்து நன்றாக இருந்தால். ஒர்க்‌ஷாப்பில் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை, ஒன்று துருப்பிடித்த வயசில் மற்றதும் வரிசையில்தான் நிற்கும்.

கேபிள் சரிசெய்வது, ஊசி சுத்தம், டிரம் சுத்தம் இதெல்லாம் ஸ்டாண்டும் பொறுமையும் இருந்தால் வீட்டில் செய்யலாம். திரவப் பக்கம் திறக்கிற எந்த வேலைக்கும், குழாயில் சிக்கிய காற்றை எடுக்கத் தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள், சில ஏபிஎஸ் வண்டிகளில் அதற்கு ஸ்கேனர் தேவைப்படும். ஆனால் தளர்த்திப் பார்த்த முடிவை எழுதிக்கொண்டு போங்கள். "பின்சக்கரம் டைட்டா இருக்கு" என்று சொன்னால் காலிப்பர் மாட்டிவிடுவார்கள். "கேபிளைத் தளர்த்தினா விடல, நிப்பிளைத் திறந்தா விடுது" என்று சொன்னால் அவரே நேராக ஹோஸுக்குப் போவார்.

அதுவரை ஓட்டலாமா? லேசான உரசல், இரண்டு பக்கமும் சூட்டில் சின்ன வித்தியாசம் என்றால் பட்டறை வரை மெதுவாகப் போகலாம். கருகின வாடை வந்துவிட்டால் கூடாது. புது டாட் 4 திரவம் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஆனால் ஈரம் உறிஞ்சிய திரவத்துக்கு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இறுகின பிரேக் அந்தச் சூட்டை எளிதில் எட்டும், திரவம் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும். வழியில் நிறுத்த நேர்ந்தால் தானாக ஆறட்டும், சிவக்கச் சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும், வேலை முடிந்ததும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, முன்பு எழுதிவைத்த அதே இரண்டு இடத்தில் சூட்டை அளந்துபாருங்கள். நான் ஹோஸ் மாற்றியபிறகு இடதுக்கும் வலதுக்கும் நாலு டிகிரி வித்தியாசம் இருந்தது. மறுநாள் வேண்டுமென்றே நெரிசல் நேரத்தில் எடுத்துப்போய் மறுபடி அளந்தேன், ஐந்து.